பரோக் புல்லாங்குழலில் நாதம் வரவழைப்பது: அழுத்தி ஊதினால் ஏன் வராது?

வணக்கம். பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு சுரம் ஊதுகிறேன், கேளுங்கள்.

[கீழ் ஸ்தாயி ஜி (மேற்கத்திய சுரப்பெயர்), எட்டு விநாடி]

இப்போது அதே சுரம், கொஞ்சம் அழுத்தி.

[மறுபடியும் ஜி]

இரண்டாவது தடவை சத்தம் கூடியது போலத் தோன்றியிருக்கும். ஆனால் சுருதி மேலே ஏறிவிட்டது, நாதத்தில் ஒரு கீறல் விழுந்துவிட்டது, கூடவே காற்று சீறுவதும் கேட்கிறது. நவீன ஃப்ளூட்டில் பல வருடம் ஊதிவிட்டு இந்தக் குழலுக்கு வந்தபோது முதல் மூன்று மாதம் நான் இப்படித்தான் ஊதிக்கொண்டிருந்தேன், குழலில்தான் ஏதோ கோளாறு என்றும் நம்பினேன். குழலில் ஒரு குறையும் இல்லை. அது எவ்வளவு காற்று கேட்கிறது, அந்தக் காற்று எங்கே போய் விழவேண்டும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. இந்த வீடியோ முழுக்க அதைப் பற்றித்தான்.

சரி, குழலைப் பார்ப்போம். பரோக் என்ற பழைய ஐரோப்பிய இசைக் காலத்தின் குழல், டிராவெர்ஸோ என்பார்கள். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்ஸில் உருவெடுத்து அடுத்த நூறு வருடம் ஐரோப்பா முழுக்க ஒலித்த குழல் இது. பெரும்பாலும் பாக்ஸ்வுட் அல்லது கருங்காலி, சில குழல்கள் தந்தம். விரல்களுக்கு ஆறு துளை, வலது கைச் சுண்டுவிரலுக்கு ஒரே ஒரு கீ, அதாவது ஒரு துளையை மூடித் திறக்கும் சின்ன நெம்புகோல். தலைப்பகுதியின் உட்குழி உருளையாக, ஏறக்குறைய 19 மி.மீ. விட்டத்தில் இருக்கும், அங்கிருந்து கால் பக்கம் போகப்போக குறுகிக்கொண்டே வரும். நீங்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது இந்த ஊதும் துளை.

[ஊதும் துளை நெருக்கத்தில், பக்கத்தில் நவீன ஃப்ளூட்டின் தலைப்பகுதி]

இது சுமார் 9 மி.மீ., கிட்டத்தட்ட வட்டம். பக்கத்தில் இருப்பது நவீன ஃப்ளூட், அதாவது தியோபால்ட் போம் 1847இல் வடிவமைத்த உருளைக் குழலின் வழிவந்தது. அதன் துளை ஏறக்குறைய 12க்கு 10 மி.மீ., பரப்பில் ஒன்றரை மடங்கு. அந்தப் பெரிய துளைக்குப் பழகிய உதடும் மூச்சும் இந்தச் சின்னத் துளைக்கு வரும்போது அளவுக்கு மீறிக் கொட்டுகின்றன. மூங்கில் புல்லாங்குழல் வாசிக்கிறவர்களுக்கும் முதல் சில வாரம் இந்தக் குழப்பம் இருக்கும், ஏனென்றால் துளையின் ஓரமும் சுவரின் கனமும் வேறு.

உள்ளே நடப்பது இதுதான். உதடுகளுக்கு நடுவிலிருந்து ஒரு மெல்லிய காற்றுப் பட்டை கிளம்பி, துளையைக் கடந்து, எதிர்ப்பக்க ஓரத்தில் போய் மோதுகிறது. மோதியதும் ஒரு கணம் உள்ளே, ஒரு கணம் வெளியே என்று மாறி மாறி ஆடுகிறது, குழலுக்குள் இருக்கும் காற்றுத் தண்டு அந்த ஆட்டத்தைத் தன் தாளத்துக்கு இழுத்துக்கொள்கிறது. பட்டை தடிமனாக இருந்தால், இல்லை ஓரத்தைத் தாண்டி மேலே போய்விட்டால், அந்தப் பகுதிக் காற்று எதற்கும் பயன்படாமல் சீறலாகத்தான் கேட்கும். ஆக, நல்ல நாதத்துக்கு முதல் வேலை பட்டையை மெல்லியதாக்குவது, இரண்டாவது வேலை ஓரத்தில் குறி பார்த்து விடுவது. மூச்சின் பலம் அதற்கெல்லாம் அப்புறம்தான்.

1707இல் பாரிஸில் ஷாக் ஒத்தெத்தெர் ஒரு பயிற்சி நூல் வெளியிட்டார். குழல் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர், பிரெஞ்சு அரசவையில் வாசித்தவர். உதடு வைக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்கவே முடியாது என்று அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள்; அவர் முடியும் என்று சொல்லி, வழியையும் எழுதினார். விரல் எதையும் மூடாதே, துளையில் வெறுமனே ஊது, குழலை உள்பக்கமும் வெளிப்பக்கமும் மெல்ல உருட்டிக்கொண்டே இரு, ஒலி பிறக்கும் இடம் தானே கிடைக்கும், கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால் உதவியாக இருக்கும். முந்நூறு வருடம் கழித்து நானும் புதிதாகக் கற்க வருகிறவர்களுக்கு இதையேதான் சொல்கிறேன், இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியாது.

[கண்ணாடி முன், விரல் எதுவும் மூடாமல்]

பாருங்கள், உதட்டைச் சிரிக்கிற மாதிரி இறுக்கி இழுக்கவில்லை. ஓரங்கள் லேசாகப் பின்னால் போகின்றன, அவ்வளவுதான். நடுவில் ஒரு நெல்மணி நுழைகிற அளவு இடைவெளி. மேலுதடு கீழுதட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வந்து காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. இந்தக் கீழ்நோக்கிய திருப்பம்தான் நவீன ஃப்ளூட்டிலிருந்து வருகிறவர்களிடம் பெரும்பாலும் இருக்காது. தொண்டை, சூடான பாலை ஆற்றும்போது ஊதுவோமே, அப்படித் திறந்திருக்கட்டும். கொட்டாவி விடப்போகும்போது அண்ணம் மேலே எழும்புமே, அந்த இடம் கிடைத்துவிட்டால் நாதத்துக்கு ஒரு ஆழம் வரும்.

எப்படிப்பட்ட நாதம் வேண்டும் என்பதை யோஹான் யோவாகிம் குவாண்ட்ஸ் 1752இல் பெர்லினில் வெளியிட்ட தன் நூலில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃப்ரெட்ரிக்குக்குக் குழல் ஆசிரியர் அவர், மன்னருக்காகக் குழல்களும் செய்தவர். உச்ச ஸ்தாயிப் பெண்குரலைவிட அதற்குக் கீழே உள்ள கனமான குரலுக்கு, மார்பிலிருந்து எழும் குரலுக்கு, நெருக்கமாக ஒலிக்கவேண்டும் என்பது அவர் கருத்து. தெளிவாக, ஊடுருவுவதாக, தடிப்பாக, உருண்டையாக இருக்கவேண்டும், இனிமையும் குறையக்கூடாது. பரோக் குழல் என்றதுமே பஞ்சு மாதிரி மெல்லிய, வலுவில்லாத ஒலியைக் கற்பனை செய்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். சத்தம் குறைவான குழல்தான், ஆனால் நாதம் மெலிந்தது கிடையாது.

மேல் ஸ்தாயி விஷயத்திலும் குவாண்ட்ஸ் சொன்னது பொன்னானது. 1738இல் வொக்கான்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர் நிஜமாகவே குழல் ஊதுகிற ஒரு இயந்திர மனிதனைச் செய்து காட்டினார், மேல் ஸ்தாயிக்குக் காற்றின் பலத்தைக் கூட்டுவதுதான் வழி என்று அவர் விளக்கம். குவாண்ட்ஸ் இதை ஏற்கவில்லை. தாடையையும் உதட்டையும் முன்னால் கொண்டுபோய்த் துளையை இன்னும் கொஞ்சம் மூடினால் போதும் என்றார். இன்றைய ஒலியியலோடும் இது ஒத்துப்போகிறது. மேல் ஸ்தாயியில் அதிர்வு இரண்டு மடங்கு, அதனால் காற்றுப் பட்டை உதட்டிலிருந்து ஓரத்துக்குப் போய்ச்சேரும் நேரம் குறையவேண்டும். வேகத்தைக் கூட்டியும் குறைக்கலாம், தூரத்தைக் குறைத்தும் குறைக்கலாம். வேகத்தை மட்டும் நம்பினால் மேல் சுரங்கள் எல்லாம் அலறும். உதட்டை முன்னால் கொண்டுபோனால் காற்றை லேசாகக் கூட்டினாலே அவை தானாக ஏறிக்கொள்ளும்.

[கீழ் டி, மேல் டி, கீழ் ஈ, மேல் ஈ, நாக்கு தொடாமல், இணைத்து]

தினமும் பத்து நிமிடம் இந்த ஒரு சாதகம் போதும். வயிற்றில் அழுத்தம் கூடுகிறதா என்று ஒரு கையால் தொட்டுப் பார்க்க ஆசை வரும், ஆனால் இரண்டு கையும் குழலில் இருக்கும், அதனால் பக்கத்தில் ஒருவரை நிற்கவைத்துக் கவனிக்கச் சொல்லுங்கள்.

இனி நான் மிகவும் நேசிக்கிற பகுதி. இந்தக் குழலில் எல்லாச் சுரமும் ஒரே நிறத்தில் ஒலிக்காது. டி மேஜர் என்ற மேற்கத்திய சுரவரிசையின் சுரங்கள் திறந்த வெளிச்சத்தில் இருக்கும். எஃப், ஜி ஷார்ப், பி ஃபிளாட் (ஷார்ப் என்றால் அரைச் சுரம் மேலே, ஃபிளாட் என்றால் அரைச் சுரம் கீழே) போன்றவற்றுக்கு ஒரு துளையைத் திறந்துவிட்டு அதற்குக் கீழே உள்ள துளைகளில் ஒன்றிரண்டை மூடவேண்டும். துளைகள் சின்னவை என்பதால் ஒலி அலை திறந்த துளையோடு நின்றுவிடாமல் கொஞ்சம் தாண்டிப் போகிறது, கீழே மூடியிருப்பது அதைத் தாழ்த்துகிறது, அதோடு மேல் அதிர்வுகள் அடங்கி, திரைக்குப் பின்னால் நின்று பாடுகிற மாதிரி ஒரு ஒலி கிடைக்கிறது. இதைக் குறை என்று நினைத்து, எஃப்-ஐ அடித்து ஊதி டி போல ஆக்கப் பார்த்தால் சுரமே உடைந்துபோகும்.

[எஃப், எஃப் ஷார்ப், மீண்டும் எஃப்]

இந்த ஜோடியைத் தினமும் ஊதுங்கள். கீழ் ஸ்தாயியில் எஃப் இயல்பாகவே கொஞ்சம் ஏறி நிற்கும், எஃப் ஷார்ப் கொஞ்சம் இறங்கி நிற்கும். எஃப்-க்குக் குழலை உள்பக்கம் லேசாக உருட்டி, காற்றையும் இளக்குங்கள். எஃப் ஷார்ப்-க்கு வெளியே திருப்பி, காற்றுக்குக் கொஞ்சம் உயிர் கொடுங்கள். விரல் மாறுவதற்கு முன்னாலேயே உதடு மாறத் தொடங்கவேண்டும்.

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் இந்த நிறங்களை அறிந்தே எழுதியிருக்கிறார் என்பது என் உறுதியான எண்ணம். அவருடைய ஐந்தாம் பிராண்டன்பர்க் கான்செர்ட்டோ டி மேஜர், குழல் அதில் பளிச்சென்று நிற்கும். 1747இல் அந்த ஃப்ரெட்ரிக் மன்னருக்கே அனுப்பிய இசைத் தொகுப்பில் குழல் வரும் ட்ரியோ சொனாட்டா என்ற சிறு குழு உருப்படி, சி மைனர் என்ற வேறொரு சுரவரிசையில். திரைபோட்ட சுரங்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும், அந்த இருள் பாட்டின் உடம்பிலேயே ஊறிக்கிடக்கிறது. உலோக ஃப்ளூட்டில் அதைக் கேட்டுப் பழகியவர்கள் ஒரு தடவை டிராவெர்ஸோவில் கேளுங்கள். பெல்ஜியக் குழல் கலைஞர் பார்தோல்ட் குய்க்கென் வாசித்த பதிவுகளிலிருந்து தொடங்கலாம்.

கடைசியாக நீண்ட சுரம். மெதுவாகத் தொடங்கி, வளர்த்து, மறுபடி தேய்த்து முடிப்பது. காற்று கூடும்போது சுருதி ஏறும், அதனால் வளரும்போது குழலைக் கொஞ்சம் உள்ளே உருட்டவும், தேயும்போது வெளியே விடவும் வேண்டும். சுரத்தை அசைக்க ஆசைப்பட்டால் மூச்சை நடுங்கவிடாமல், ஒத்தெத்தெர் எழுதிய வழியில் விரலால் செய்யுங்கள்: திறந்த துளையின் ஓரத்தை ஒரு விரல் மெல்லத் தட்டித் தட்டி எடுக்கும், சுருதி சற்றே இறங்கி இறங்கி எழும். பிரெஞ்சில் இதற்கு ஃப்ளத்மோன் என்று பேர்.

குழல் புதிதாக இருந்தால் முதல் இரண்டு வாரம் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஊதாதீர்கள், ஈரம் ஏறி மரம் வெடிக்கக்கூடும். ஊதி முடித்ததும் உள்ளே துடைத்து, ஆறவிட்டுப் பெட்டியில் வையுங்கள். நன்றாக உலர்ந்த பிறகு அவ்வப்போது பாதாம் எண்ணெய் கொஞ்சம் தடவலாம், கீயின் தோல் பட்டையில் மட்டும் எண்ணெய் படக்கூடாது.

ஆரம்பத்தில் ஊதிய ஜி-யை இப்போது வளர்த்துத் தேய்த்து, கடைசியில் விரல் அசைவோடு ஊதுகிறேன்.

[ஜி, ஒரே மூச்சில், ஒலி அடங்கும் வரை]