எரியாலைக்குப் போகும் பிளாஸ்டிக்கும் உருக்காலைக்குப் போகும் டின்னும்

அவையில் கூடியுள்ள பெரியோருக்கும் நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் என் வணக்கம்.

சிங்கப்பூரில் மறுபயனீடு என்றதும் நம் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது செமாக்காவ் தீவு. 1999 ஏப்ரலில் செயல்படத் தொடங்கிய அந்தக் குப்பை நிரப்புத் தளம்தான் இப்போது நமக்கிருக்கும் ஒரே தளம் என்பதும், அது 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பதும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. இடப்பற்றாக்குறை மெய்யான கவலைதான். ஆயினும் அந்தக் கவலையிலேயே நின்றுவிடுவதால் வேறொரு கணக்கை நாம் பார்க்காமல் போகிறோம். நாம் தூக்கியெறியும் பொருள்களால் காற்றில் எவ்வளவு கரியமில வாயு சேர்கிறது, மறுபயனீடு அதில் எவ்வளவைத் தடுக்கிறது என்ற கணக்கைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். இந்தப் பொருளைப் பற்றி நாம் கேட்கும் பேச்சுகளில் பெரும்பாலானவை, குப்பையை மேடாகக் கொட்டிவைக்கும் ஊர்களை மனத்தில் கொண்டவை. சென்னையின் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் உள்ளவை போன்ற குப்பைமேடுகளில், காற்றுப் புகாத அடியில் உணவுக்கழிவு அழுகி மீத்தேன் வாயுவாகிறது. அங்கே முதன்மையான சிக்கல் அதுதான். நம் நிலை வேறு. 1979இல் உலு பாண்டானில் முதல் எரியாலை திறக்கப்பட்ட காலந்தொட்டு, எரியக்கூடிய குப்பையை எரித்துவிடுவதே நம் வழக்கமாக வளர்ந்திருக்கிறது. எரித்தால் கன அளவு 90 விழுக்காடு குறைகிறது. எஞ்சும் சாம்பல்தான் செமாக்காவுக்குப் போகிறது. ஆகவே வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டுக் குப்பைக் குழாயில் ஒரு பொருளைப் போடும்போது, பெரும்பாலும் அதை நெருப்பில் போடுகிறோம். எரிந்தால் அது என்ன ஆகும் என்ற கேள்விதான் இந்த ஊருக்குப் பொருத்தமான கேள்வி.

பிளாஸ்டிக்கை எடுத்துக்கொள்வோம். தோசைமாவு வாங்கிவரும் பொட்டலமும் சந்தைக் கடையில் கொடுக்கும் பையும் பெரும்பாலும் பாலித்தீன். பாலித்தீனின் எடையில் ஏறக்குறைய 86 விழுக்காடு கரிமம். அந்தக் கரிமம் பல கோடி ஆண்டுகள் நிலத்தடியில் எண்ணெயாகவும் வாயுவாகவும் இருந்தது. 12 கிராம் கரிமம் முழுவதுமாக எரிந்தால் 44 கிராம் கரியமில வாயு உண்டாகும் என்பது வேதியியலின் அடிப்படைப் பாடம். அவ்வாறு பார்த்தால், ஒரு டன் பாலித்தீனை எரித்தால் மூன்று டன்னுக்குச் சற்று மேலான கரியமில வாயு வெளியாகிறது. எறியப்பட்ட பிளாஸ்டிக்கை எரிப்பதற்கும் டீசலை எரிப்பதற்கும் இந்த வகையில் வேறுபாடே இல்லை.

எரியாலைகள் மின்சாரம் உற்பத்தி செய்கின்றனவே, அந்த வெப்பம் வீணாகவில்லையே என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. நம் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அதில் ஒரு கிலோவாட் மணி மின்சாரத்துக்குச் சுமார் 0.4 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஈரமும் சாம்பலும் கலந்த குப்பையை எரிக்கும் ஆலையின் திறன் எரிவாயு மின்நிலையத்தின் திறனைவிடக் குறைவு. எரியும் பொருளும் கரிமம் மிகுந்தது. எனவே பிளாஸ்டிக்கிலிருந்து கிடைக்கும் அதே அளவு மின்சாரத்துக்கு இரு மடங்குக்கும் மேலாகவே கரியமில வாயு வெளியாகும். குப்பை மின்சாரம் என்பதாலேயே அது தூய மின்சாரம் ஆகிவிடாது. உணவும் தாளும் எரியும்போது வெளிவருவது அண்மையில் செடிகள் காற்றிலிருந்து உறிஞ்சிய கரிமம் என்பதால் அவற்றின் கணக்கு வேறு. ஆனால் புதிய தாள் செய்யச் செலவாகும் மரமும் ஆற்றலும் அதற்குள் அடங்காது.

பிளாஸ்டிக்குக்கு இவ்வளவு என்றால், உலோகத்தில் கிடைக்கும் ஆதாயம் இன்னும் பெரியது. மறுபயனீட்டில் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், தயங்காமல் அலுமினிய டின்னைத்தான் நான் சொல்வேன்.

பாக்சைட் மண்ணைத் தோண்டி, அதிலிருந்து அலுமினா எடுத்து, உருகிய உப்புக் கலவையில் அதைக் கரைத்து, மின்சாரம் பாய்ச்சித்தான் அலுமினியத்தைப் பிரிக்கிறார்கள். 1886இல் கண்டறியப்பட்ட அந்த முறையே இன்றும் நடைமுறையில் உள்ளது. ஒரு டன் உலோகத்துக்குச் சுமார் 14,000 கிலோவாட் மணி மின்சாரம் வேண்டும்; நான்கறை வீவக வீடொன்று மூன்று ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தும் மின்சாரம் அது. அதோடு, மின்சாரம் பாய்ச்சும் கரிமத் தண்டுகளே வினையில் கரைந்து கரியமில வாயுவாகின்றன. அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருமானால், ஒரு டன் அலுமினியத்துக்குப் பதினைந்து டன்னுக்கு மேல் கரியமில வாயு காற்றில் கலக்கிறது. பழைய டின்னுக்கோ இந்தப் பிரிக்கும் வேலை எதுவும் இல்லை. 660 டிகிரியில் உருக்கிவிட்டால் போதும். அதனால் ஆற்றலில் ஏறக்குறைய 95 விழுக்காடு மிச்சமாகிறது.

சாம்பலிலிருந்தும் உலோகத்தைப் பிரித்தெடுக்கிறார்கள் என்பது உண்மையே. கனமான இரும்புத் துண்டுகளுக்கு அது பயன்படும். மெல்லிய அலுமினிய டின்னோ நெருப்பில் ஒரு பகுதி ஆக்சைடாகிப் போய்விடுகிறது. எரியவிட்டு மீட்பதைவிட எரியாமல் காப்பதே மேல்.

இரும்பின் கதை நம் ஊரிலேயே நடக்கிறது. 1961இல் தொடங்கப்பட்ட நாட்ஸ்டீல் ஆலை பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கிக் கட்டுமானக் கம்பிகளாக்குகிறது. நிலக்கரியைக் கொண்டு ஊது உலையில் இரும்புத் தாதுவிலிருந்து எஃகு செய்தால், ஒரு டன்னுக்கு ஏறக்குறைய இரண்டு டன் கரியமில வாயு வெளியாகும். பழைய இரும்பைக் கொண்டு செய்தால் அதில் சிறு பங்கே வெளியாகும். நாம் குடியிருக்கும் அடுக்குமாடிகள் சிலவற்றின் தூண்களுக்குள் யாரோ எறிந்த சைக்கிளும் அலமாரியும் கம்பிகளாக நிற்கக்கூடும் என்று எண்ணும்போது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கிறது. இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியாகப் பல காலம் நம் பேட்டைகளில் இயங்கியவர்கள், வீடு வீடாகப் பழைய பொருள்களை வாங்கிச் செல்லும் காராங் குனிக்காரர்கள் என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும்.

இனி ஓர் ஐயம். நம் மறுபயனீட்டுப் பொருள்களில் கணிசமானவை கப்பலேறி வெளிநாட்டு ஆலைகளுக்குப் போகின்றன. அந்தப் பயணமே ஆதாயத்தை விழுங்கிவிடாதா? விழுங்காது. கப்பலில் ஒரு டன் சரக்கைச் சில ஆயிரம் கிலோமீட்டர் கொண்டுசெல்ல வெளியாகும் கரியமில வாயு பெரும்பாலும் நூறு கிலோவைத் தாண்டாது. மிச்சமாவதோ அலுமினியத்தில் டன் கணக்கு. இந்த மிச்சம் சிங்கப்பூரின் கணக்கேட்டில் பதியாமல் உருக்காலை இருக்கும் நாட்டின் ஏட்டில் பதியலாம். காற்றுக்கு அந்த வேறுபாடு தெரியாது. பிளாஸ்டிக்கை எரிப்பதால் வரும் வெளியேற்றமோ நம் ஏட்டிலேயே ஏறுகிறது. டன்னுக்கு 5 வெள்ளியாக 2019இல் தொடங்கிய கரிம வரி, 2024இல் 25 வெள்ளியாகவும் 2026இல் 45 வெள்ளியாகவும் உயர்ந்திருக்கும் நாட்டில் இது சிறிய செய்தி அன்று.

இவ்வளவு ஆதாயம் இருந்தும் நாம் பின்னோக்கியே போய்க்கொண்டிருக்கிறோம் என்பதுதான் எனக்கு வருத்தம். குடும்பங்களின் மறுபயனீட்டு விகிதம் 2018இல் 22 விழுக்காடு. 2023இல் 12 விழுக்காடு. தாளுக்கான தேவை குறைந்ததும் ஒரு காரணம் என்பதை ஏற்கிறேன். ஆனால் மறுபயனீட்டுப் பொருள்களைப் போடுவதற்கான நீலத்தொட்டிகளில் விழுவதில் ஏறக்குறைய 40 விழுக்காடு மறுபயனீட்டுக்கு உதவாதது என்பதற்கு நாமே பொறுப்பு. குழம்பு ஒட்டிய சாப்பாட்டுப் பெட்டி தனியாகக் கெடுவதில்லை. அருகிலுள்ள நல்ல தாளையும் கெடுத்துவிடுகிறது. கெட்டது எரியாலைக்கே திரும்புகிறது. அலசுவதற்கு வெந்நீர் வேண்டா, சோப்பும் வேண்டா. பாத்திரம் கழுவி மிஞ்சும் நீரே போதும். மெல்லிழைத்தாளும் நுரைப்பெட்டியும் நீலத்தொட்டிக்கு உரியவை அல்ல.

பிளாஸ்டிக் பானப் புட்டிகளுக்கும் டின்களுக்கும் 10 காசு வைப்புத்தொகை வசூலித்து, காலியானதைத் திருப்பிக் கொடுத்தால் அந்தத் தொகையைத் திருப்பித் தரும் திட்டத்துக்கு 2026 ஏப்ரல் 1 தொடக்க நாளாகக் குறிக்கப்பட்டது. டின்னும் புட்டியும் மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியே வந்து சேரும் என்பதே இதன் பெரிய நன்மை. இதில் நம் சமூகத்துக்கு ஒரு தனி வாய்ப்பு உண்டு. கோயில் அன்னதானம், தீபாவளி விருந்து, பொங்கல் விழா, திருமண வரவேற்பு என நாம் கூடும் இடங்களில் எல்லாம் பானங்கள் ஏராளமாகச் செலவாகின்றன; முடிந்ததும் எல்லாம் ஒரே கறுப்புப் பைக்குள் போகின்றன. ஏற்பாட்டாளர்கள் உணவுக்கு ஒரு தொட்டி, டின்னுக்கும் புட்டிக்கும் ஒரு தொட்டி என்று பிரித்து வைத்து, மிச்சத்தை ஊற்றிவிட ஒரு வாளியையும் பக்கத்தில் வைத்து, அங்கே இரண்டு தொண்டூழியர்களை நிறுத்தினால் போதும். திரும்பக் கிடைக்கும் காசைக் கோயில் உண்டியலிலோ மாணவர் உதவி நிதியிலோ சேர்க்கலாம். இங்கே அமர்ந்திருப்பவர்களில் விழாக்குழுக்களை நடத்துவோர் பலர் இருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்தில், உணவுக்குச் சொல்லும் அன்றே இதையும் நிகழ்ச்சிநிரலில் சேர்த்துக்கொள்ளுமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி.