சுவரும் கூலியும்

(ஓவியர் சங்க ஆண்டுவிழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, வேறு நிகழ்ச்சி காத்திருந்தும் எங்களோடு அமர்ந்திருக்கும் நகராட்சித் தலைவர் அம்மா அவர்களே, கூட்டத்துக்கு இடம் தந்த நூலகர் ஐயா அவர்களே, முன்வரிசையிலுள்ள மூத்த ஓவியர்களே, விடிய விடிய இந்தப் பின்திரையை எழுதி முடித்த தம்பிமார்களே, மாணவ மாணவியரே, எல்லாருக்கும் வணக்கம். பேருந்து நிலையச் சுவரை மாணவர்களுக்கு ஒதுக்கித் தந்த அம்மாவுக்குத் தனியாக ஒரு கைதட்டல் கொடுங்கள்.

மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன். 1930களில் தொழிலும் வேலையும் முடங்கிய பெருமந்தக் காலத்து அமெரிக்காவில் இடதுசாரி ஓவியர்கள் எப்படிச் சங்கம் கண்டார்கள் என்பது ஒன்று. அவர்கள் எழுதிய சுவருக்கு என்ன நேர்ந்தது என்பது இரண்டு. அவர்களுடைய அச்சுக்கலை மூன்று. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள் நம் பெரியவர்கள். அந்தப் பழமொழியை இன்று திரும்பத் திரும்பச் சொல்வேன்.

1929இல் பங்குச்சந்தை சரிந்ததும் படம் வாங்க ஆளில்லை. அதே ஆண்டு நியூயார்க்கில் இடதுசாரி எழுத்தாளர்களும் ஓவியர்களும் கூடிய ஜான் ரீட் மன்றம் தொடங்கியது. அதற்குள்ளிருந்து 1933இல் வேலையற்ற ஓவியர் குழு பிறந்து, அடுத்த ஆண்டு ஓவியர் சங்கமாக வளர்ந்தது. அவர்கள் தர்மம் கேட்கவில்லை, அரசு வேலை கேட்டார்கள். 1935 ஆகஸ்டில், ஓவியர்களுக்கு அரசே கூலி கொடுத்து வேலை தரும் கூட்டாட்சிக் கலைத் திட்டம் வந்தது. நியூயார்க்கில் ஓர் ஓவியருக்கு வாரக்கூலி 23 டாலர் 86 சென்ட். 1936 டிசம்பர் 1 அன்று ஆட்குறைப்பை எதிர்த்துத் திட்ட அலுவலகத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸ் அடித்து இழுத்துச் சென்றது. கைதானவர்கள் 219 பேர். தூரிகை பிடித்த கைக்கும் கூலி உண்டு என்பதை அடிபட்டுத்தான் நிலைநாட்டினார்கள்.

இப்போது சுவருக்கு வருகிறேன். மெக்சிகோவின் தியேகோ ரிவேராவை, நியூயார்க் ராக்ஃபெல்லர் மையத்தில் ஆர்.சி.ஏ. என்ற வானொலி நிறுவனத்தின் கட்டடக் கூடத்தில் ஓவியம் எழுத 21,000 டாலருக்கு அமர்த்தினார்கள். 63 அடி நீளம், 17 அடி உயரம். துணியில், கறுப்பு வெள்ளையில் எழுதச் சொன்னார் கட்டடக் கலைஞர். ரிவேரா விடவில்லை, வண்ணத்தில், ஈரச் சுண்ணச்சாந்தில்தான் எழுதுவேன் என்று சம்மதிக்க வைத்தார்.

அந்த வேலை தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள், மாணவர்களுக்காகச் சொல்கிறேன். நீறிய சுண்ணாம்பும் பளிங்குத் தூளும் கலந்து, அன்று எழுதி முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் பூச வேண்டும். நீரில் அரைத்த நிறத்தை, பசை எதுவும் சேர்க்காமல், ஈரம் இருக்கும்போதே வைக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கல்லாகும்போது நிறமும் அதற்குள் இறுகிவிடும். அவசரப்பட்டால் சாந்து தூரிகையோடு குழையும். தாமதித்தால் நிறம் பிடிக்காது, தடவினால் தூளாக உதிரும். சுண்ணாம்பு சரியாக நீறாவிட்டால் பின்னால் பொரிந்து குழி விழும். பிழையை மேலே பூசி மறைக்க வழியில்லை. அந்தத் துண்டைச் செதுக்கி எடுத்துவிட்டுத் திரும்பப் பூச வேண்டும். நிறமும் சுவரும் ஒன்றாகிவிடுகின்றன. சுவர் இருந்தால்தான் சித்திரம்!

ரிவேரா அந்தச் சுவரில் ரஷ்யப் புரட்சித் தலைவர் லெனின் முகத்தை எழுதினார். இத்தனைக்கும் மெக்சிகோ கம்யூனிஸ்ட் கட்சி அவரை 1929இலேயே வெளியேற்றியிருந்தது. 1933 மே 4 அன்று, மையத்தைக் கட்டிய குடும்பத்தைச் சேர்ந்த நெல்சன் ராக்ஃபெல்லர் கடிதம் எழுதினார்: அந்த முகத்தை எடுத்துவிட்டு யாரோ ஒரு சாதாரண மனிதரின் முகத்தை வையுங்கள். ரிவேரா லெனினை எடுக்க மறுத்து, வேண்டுமானால் லிங்கனையும் சேர்க்கிறேன் என்றார். மே 9 மாலை மீதி 14,000 டாலருக்குக் காசோலையை நீட்டி, சாரத்திலிருந்து இறங்கச் சொன்னார்கள். ஓவியத்தைத் திரையிட்டு மூடினார்கள். வெளியே ஓவியர்களும் தொழிலாளர்களும் கோஷம் போட, குதிரைப் போலீஸ் வந்தது. அதற்குள் உதவியாளர் லூசியன் பிளாக் ஒரு லைக்கா கேமராவை உடைக்குள் ஒளித்துக் கொண்டுபோய்ப் படம் எடுத்திருந்தார். அந்தப் பெண்ணின் துணிச்சலால்தான் அந்தச் சுவரின் தோற்றம் நமக்குக் கிடைத்தது. 1934 பிப்ரவரியில் ஓர் இரவு ஓவியத்தைச் சாந்தோடு உடைத்துக் கொட்டினார்கள். முழுப் பணமும் கொடுத்தாகிவிட்டது, சுவர் எங்களுடையது என்பதே அவர்கள் வாதம்.

ரிவேரா அந்தக் காசை என்ன செய்தார்? நியூயார்க்கில் இடதுசாரிகள் நடத்திய புதிய தொழிலாளர் பள்ளிக்கு 21 ஓவியங்கள் எழுதினார். இம்முறை கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய பலகைச் சட்டங்களில் சாந்து பூசி எழுதினார். உடைத்த ஓவியத்தை அதே 1934இல் மெக்சிகோ நகர நுண்கலை மாளிகையில் மறுபடி எழுதினார். லெனினும் அங்கே இருக்கிறார்.

இதனால்தான் நம் சங்கம் ஒரு மனு தயாரித்திருக்கிறது. கூலியைக் கொடுத்ததாலேயே ஓவியத்தை அழிக்கும் உரிமை யாருக்கும் வந்துவிடக் கூடாது. நம் கோயில் சுவர்களில் வெள்ளையடித்தும் மணல் வீசியும் அழித்த பழைய ஓவியங்களை எண்ணிப் பாருங்கள். எழுதியவருக்கோ, அவர் இல்லையென்றால் ஊராருக்கோ எழுத்தில் அறிவிப்புக் கொடுக்காமல் எந்தச் சுவரோவியத்தின் மேலும் கை வைக்கக் கூடாது. அழிக்கத்தான் வேண்டும் என்றால் முன்னதாக முழு அளவில் படம் எடுத்து வைக்க வேண்டும். சுவர் எழுதும் ஓவியருக்குச் சாந்து பூசும் நாளிலிருந்தே தினக்கூலி கணக்கிட வேண்டும். சாந்து பதத்துக்கு வரும்வரை காத்திருப்பதும் வேலைதான்.

அச்சுக்கலையைப் பற்றிப் பேச நேரமில்லை. ஆந்தனி வெலோனிஸ் என்ற ஓவியர், திரைத்துணி வழியாக மையைத் தள்ளி அச்சிடும் பட்டுத்திரை அச்சைக் கூட்டாட்சிக் கலைத் திட்டத்தின் சுவரொட்டிப் பிரிவுக்குக் கொண்டுவந்தார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

சுவர் இருந்தால்தான் சித்திரம். மனு வாசல் மேசையில் இருக்கிறது. பெயரோடு நீங்கள் எழுதிய சுவர் எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில், எந்த ஆண்டு என்பதையும் எழுதுங்கள். முதல் கையெழுத்தை நகராட்சித் தலைவர் அம்மா போட வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.