மூன்றாவது ஷிப்ட் எங்கே போனது?

நண்பர்களே, வணக்கம்.

வேலையில்லாத் திண்டாட்டம் என்றதும் புதிய தொழிற்சாலை வேண்டும் என்கிறோம். சரி, வேண்டும்தான். இருக்கிற ஆலைகள் எவ்வளவு ஓடுகின்றன என்று யார் கேட்கிறோம்? ரிசர்வ் வங்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறை உற்பத்தி நிறுவனங்களிடம் இதைக் கேட்டு வெளியிடுகிறது. சாதாரண காலத்தில் ஆலைகளின் உற்பத்தித் திறனில் 70 முதல் 75 சதவீதம்தான் பயன்படுகிறது. ஊரடங்கு வந்த 2020 ஏப்ரல்–ஜூனில் அது 47.3 சதவீதமாக விழுந்தது.

அந்த மூன்று மாதத்தில் நகரங்களில் வேலையின்மை 20 சதவீதத்தைத் தாண்டியது. ஆனால் தேசிய அளவிலான ஆண்டுக் கணக்கு வேறு கதை சொல்கிறது: 2018-19இல் 5.8 சதவீதம், 2019-20இல் 4.8, 2020-21இல் 4.2. ஆலை முடங்கிய காலத்தில் வேலையின்மை குறைந்ததாம்! எப்படி? அதே கணக்கில் இன்னொரு வரியைப் பாருங்கள். விவசாயத்தில் இருப்பவர்களின் பங்கு 42.5 சதவீதத்திலிருந்து 46.5 ஆக ஏறியிருக்கிறது. வேலை போனவர் ஊருக்குத் திரும்பி, அண்ணன் நிலத்தில் கூலியில்லாமல் கைகொடுத்தாலும் கணக்கில் அவர் வேலையில் இருப்பவர். பெரும்பாலோருக்கு வேலையின்மைப் படி கிடைக்காத நாட்டில் ஏழையால் சும்மா இருக்க முடியாது. அதனால்தான் இங்கே ஆலை முடங்கினால் அந்த அடி வேலையின்மை விகிதத்தில் முழுதாகத் தெரிவதில்லை. ஓவர்டைம் போகும், ஷிப்ட் போகும், ஒப்பந்தத் தொழிலாளி போவார்.

கோவை இதை 2012இல் பார்த்தது. நாளுக்கு 10 மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு. ஃபவுண்டரியில், அதாவது இரும்பு வார்ப்பு ஆலையில், இரும்பு உருகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் உலையிலேயே உறைந்துவிடும். பெரிய உலையை டீசல் ஜெனரேட்டரில் ஓட்டினால் கட்டுப்படியாகாது. ஆர்டர் இருந்தது, இயந்திரம் இருந்தது, ஆளும் இருந்தார்கள். ஓட்டத்தான் முடியவில்லை.

மூலதனமே அரிதான நாடு, கடன் வாங்கி வாங்கிய இயந்திரத்தைச் சும்மா நிறுத்திவைப்பது எனக்கு ஆறவே ஆறாத விஷயம். அப்புறம் இன்னொன்று: இரண்டு ஷிப்டே நிரம்பாத முதலாளி புதுக் கட்டடம் கட்டமாட்டார். அவர் முதலில் சேர்க்கக்கூடியது மூன்றாவது ஷிப்டுக்கான ஆட்களைத்தான். அதற்குப் புது நிலம் வேண்டாம், புது இயந்திரம் வேண்டாம். தடையில்லாத மின்சாரமும், பொருளை வாங்க ஆளும், கையில் நடைமுறை மூலதனமும் (அன்றாடச் செலவுக்கான பணம்) போதும்.

சிறு நிறுவனங்களிடம் பொருள் வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தக் கெடு தாண்டியும் பெரிய நிறுவனங்கள் தராத நிலுவையை முதலில் வசூலித்துக் கொடுங்கள், அதுவே நடைமுறை மூலதனமாகும் என்றுதான் அரசிடம் கேட்கிறேன்.