லோகோ அப்புறம், முதல்ல ரப்பர் ஸ்டாம்ப்

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி கேக்குதா? சரி. நம்ம கலை நூலகத்துக்கு புது அடையாளம் பண்ணலாம்னு பேச்சு வந்ததுல இருந்து எல்லாரும் என்கிட்ட கேக்குறது லோகோ எப்ப ரெடி ஆகும்னுதான், நான் திருப்பிக் கேட்டது ஒண்ணே ஒண்ணு, உங்க ரப்பர் ஸ்டாம்ப் எங்க, அத காட்டுங்க.

ஏன்னா நூலகத்தோட முகம் வாசல் போர்டுல இல்லங்க. புத்தக முதுகுல ஒட்டுற லேபிள், உள்பக்கத்துல குத்துற முத்திரை, மெம்பர் கார்டு, அவசரத்துக்கு ஜெராக்ஸ் போட்டு ஒட்டுற நோட்டீஸ், பிரவுசர் டேப்ல 16க்கு 16 பிக்சல்ல வர்ற ஐகான், அங்கதான் தினமும் ஜனங்க அத பாக்குறாங்க. ஒரு தடவை நான் தூரிகை, விரிச்ச புத்தகம், ஒரு கை, கைக்குள்ள ஒரு கண்ணுன்னு எல்லாத்தையும் ஒரே வட்டத்துல அடைச்சேன், ப்ரொஜெக்டர்ல போட்டப்ப ஒரே கைதட்டல், ஸ்டாம்ப் செஞ்சு குத்துனா மை அப்பி வெறும் கறுப்பு வட்டம். அன்னிக்கு விட்டதுதான் தூரிகையும் புத்தகமும். (அந்த ஜோடிய தடை பண்ணணும், என்னைக் கேட்டா.)

நியூயார்க்ல விட்னி மியூசியத்துக்கு 2013ல எக்ஸ்பெரிமெண்டல் ஜெட்செட்ங்கற டிசைன் ஸ்டூடியோ பண்ண லோகோவ பாருங்க. மெல்லிசா ஒரு டபிள்யூ, அவ்ளோதான், பக்கத்துல ஓவியம் எவ்ளோ இடம் விடுதோ அதுக்குத் தகுந்த மாதிரி நீளும், சுருங்கும். படைப்பு முன்னாடி நிக்குது, லோகோ ஒதுங்கிக்குது. அந்த அடக்கம் நமக்கு வேணும், ஆனா அந்த முறை வேணாம், ஒவ்வொரு தடவையும் அத வளைச்சு உக்கார வைக்க டிசைனர் வேணும், நம்மகிட்ட இருக்கறது வாரத்துல ரெண்டு மணி நேரம் வர்ற தன்னார்வலர்ங்க.

அதனாலதான் ஃபான்ட் விஷயத்துல நான் பிடிவாதமா இருக்கேன். காசு குடுத்து ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கு வாங்குன ஃபான்ட் அந்த ஆள் போனதும் போயிடும், அடுத்த நோட்டீஸ் வேற எழுத்துல வரும். ஓபன் ஃபான்ட் லைசென்ஸ்ல வர்றத எடுத்தா யாரு வேணாலும் இன்ஸ்டால் பண்ணிக்கலாம். கலர் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, ஒரே மையில நிக்கணும், ஸ்க்ரீன்ல சின்ன எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வித்தியாசம், 4.5க்கு 1ங்கற விகிதத்துக்குக் கீழ போகக் கூடாது, அது எல்லாரும் ஒத்துக்கிட்ட கணக்கு.

காசு விஷயம். 2015ல சியாட்டில் பொது நூலகம் பேரையும் லோகோவையும் மாத்தப் பாத்தாங்க, மூணரை லட்சம் டாலருக்கு மேல செலவு, இதுக்குப் புத்தகம் வாங்கியிருக்கலாமேன்னு ஜனங்க கேட்டாங்க, கடைசில நிர்வாகக் குழுவே வேணாம்னு விட்டுடுச்சு. நூலகத்த தன்னோடதுன்னு நெனக்கறவன்தான் சண்டைக்கு வருவான், எனக்கு அதுல வருத்தமே இல்ல.

சரி, மூணு டிராப்ட்டையும் ஸ்டாம்பா செஞ்சே கொண்டு வந்திருக்கேன், அந்த இங்க் பேட கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க, குத்திப் பாத்துக்கிட்டே பேசலாம்.