பர்கர் தேடிப் போயி பரோட்டாக் கல்லு முன்னால நின்ன கதை

எல்லாருக்கும் வணக்கம் மக்கா. சத்தம் ஒழுங்கா கேக்கா? ஒரு பஸ்ஸு போயிரட்டும், பொறுங்க. ம், இப்ப சரி. நம்ம திருநெல்வேலி வண்ணார்பேட்டை மேம்பாலத்துக்குக் கீழ நிக்கேன். சனிக்கிழமை, மணி 12.45. வெயிலைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல, என் சட்டையப் பாருங்க, தெரியும்.

போன மாசம் சென்னையில பர்கர் தேடிச் சுத்துனதைப் போட்டிருந்தேன்லா. அதைப் பாத்துட்டு நெறைய பேரு கேட்டுட்டீங்க, நம்ம ஊர்ல நல்ல பர்கர் எங்கன கிடைக்கும்னு. ஒரு ஆளு மட்டும் ‘அல்வா ஊர்ல பொறந்துட்டு உனக்கு எதுக்குல பர்கரு’ன்னு கேட்டாரு. வேற யாரும் இல்ல, எங்க சித்தப்பா. அவருக்கும் சேத்துதான் இந்த வீடியோ.

மொதக் கடை. பேரு சொல்ல மாட்டேன், போர்டையும் காட்ட மாட்டேன். ஏசி, கண்ணாடிக் கதவு, செவுத்துல நியான் எழுத்து. சிக்கன் பர்கர் 189 ரூவா. வந்துட்டு. பாக்க நல்லாத்தான் இருக்கு, பன்னு மேல எள்ளு, உள்ள ஒரு சீஸ், ஒரு எலை. கடிக்கேன்.

மொறுமொறுன்னு இருக்கு. அம்புட்டுதான். மேல்தோல உரிச்சிக் காட்டுதேன், பாருங்க. இது ரொட்டித் தூளு. உள்ள இருக்கது கொழுக்கட்டை மாவு மாதிரி ஒரே சீரா இருக்கு, கறியோட நாரே தட்டுப்படல. ஃப்ரீசர்ல இருந்து எடுத்து நேரா எண்ணெய்ல போட்டிருக்காவ. இதுக்கு நம்ம ஊர்ல கட்லெட்டுன்னு பேரு இருக்கு. ரெண்டு பக்கமும் பன்னு வெச்சதுனால மட்டும் பேரு மாறிருமா?

சாப்பிட்டுக்கிட்டே சொல்லுதேன். பர்கர்ங்கிற பேரு ஜெர்மனியில ஹாம்பர்க்னு ஒரு துறைமுகம் இருக்குல்லா, அதுல இருந்து வந்தது. பன்னிக்கறிய ஹாம்னு சொல்லுவாவல்லா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. கொத்துன மாட்டுக்கறிய வட்டமாத் தட்டி, சூடான இரும்புக் கல்லுல போட்டு, ரொட்டிக்கு நடுவுல வெச்சுக் கொடுக்குதது. அமெரிக்காவுல மொதல்ல செஞ்சது யாருன்னு இன்னமும் சண்ட போடுதாவ, நம்ம ஊர்ல ஒரிஜினல் அல்வாக் கடை எதுன்னு போடுத மாதிரி. கனெக்டிகட்ல நியூ ஹேவன்னு ஒரு ஊரு. அங்க லூயிஸ் லஞ்ச்னு ஒரு சின்னக் கடை, நாங்க 1900-லயே கொடுத்தோம்ங்காவ. இன்னைக்கும் அங்கன பன்னு கிடையாது, டோஸ்ட் போட்ட ரொட்டியிலதான் தருவாவ, கெட்சப் கேட்டா தர மாட்டாவ. அந்த வீம்பு எனக்குப் புடிச்சிருக்கு. பெறவு 1921-ல கன்சாஸ் பக்கம் விச்சிட்டாவுல ஒயிட் காசில்னு கடை போட்டு, ஒண்ணு அஞ்சு சென்ட்டுன்னு வித்தாவ. வேலைக்குப் போற வழியில நின்னு சாப்பிடுத பண்டம் மக்கா இது. நியான் வெளிச்சமும் 189 ரூவாயும் நடுவுல வந்து ஏறிக்கிட்டது. போவோம்.

இப்ப பாளையங்கோட்டை, காலேஜ் பக்கம். ஆலு டிக்கி பர்கர், 60 ரூவா. இதைச் சட்டுன்னு முடிச்சிருவோம். உருளைக்கெழங்கு, பட்டாணி, கொஞ்சம் கரம் மசாலா. மெக்டொனால்டு 1996-ல டெல்லி வசந்த் விஹார்ல கடை தொறந்தப்பவே மாட்டுக்கறி இல்லாமத்தான் தொறந்தாவ. பிக் மேக்குக்குப் பதிலா மகாராஜா மேக்னு ஆட்டுக்கறியில போட்டாவ, பெறவு அதையும் கோழிக்கு மாத்திட்டாவ. அப்புறம் நம்ம நாட்டுல பர்கர்னா ஒண்ணு உருளைக்கெழங்கு, இல்லன்னா கோழின்னு ஆயிப்போச்சு. இது 60 ரூவாய்க்கு நல்லாவே இருக்கு, பொய் சொல்லக்கூடாது. ஆனா நான் தேடி வந்தது இது இல்ல.

சாயந்திரம் ஆறரை. பெருமாள்புரம். தள்ளுவண்டி, ரெண்டு பயலுவ. இங்கன கொஞ்ச நேரம் நிப்போம், ஏன்னா விசயம் இருக்கு. சட்டியில எண்ணெயக் காணும், கல்லுதான் இருக்கு. கோழித் தொடைக்கறிய அவனுவளே வாங்கி அரைக்கானுவ. நெஞ்சுக்கறி ஏன் இல்லன்னு கேட்டேன், ‘அது வறண்டு போவும்ணே’ன்னான். தம்பிக்கு வேலை தெரிஞ்சிருக்கு. உருண்டையக் கல்லுல போட்டு ஒரே அமுக்கு. சத்தம் கேட்டீங்களா? அந்தச் சத்தம்தான் ருசி. கறியில இருக்க புரதமும் சர்க்கரையும் 140 டிகிரிக்கு மேல சூடு பட்டா சேந்து செவந்து மணக்கும். 1912-ல மெயார்னு ஒரு பிரெஞ்சு வேதியியல்காரரு எழுதி வெச்சது, அவரு பேராலதான் இன்னைக்கும் சொல்லுதாவ. நம்ம தோசை முறுகுததும் அதே கூத்துதான். கறி எம்புட்டுக்குப் பரந்து கல்லுல ஒட்டுதோ அம்புட்டுக்குச் செவக்கும். அதுக்குத்தான் அமுக்குதது.

சரி, கடிக்கேன். கறி... ஏ அப்பா. கறி பிரமாதம். ஓரமெல்லாம் முறுகி, உள்ள சாறு நிக்கு. ஆனா பன்னு... தம்பி, கோவிச்சிக்கிடாத, சொல்லித்தான் ஆகணும். பன்னு இனிக்கி. ரெண்டாவது கடியில அடிப்பக்கம் ஊறி, கையிலயே கெடக்கு, பாருங்க. மயோனைஸ் வேண்டாம்னு சொல்லியும் இந்தக் கதி. பயல்ட்ட கேட்டா, ‘காலைல பேக்கரில எடுக்கதுதான்ணே, வேற கிடைக்காது’ன்னான். அவன் மேல குத்தம் இல்ல. நம்ம ஊரு பன்னு எதுக்கு வந்தது? டீயில முக்குததுக்கு. முக்குனா பொசுக்குன்னு உறிஞ்சணும், வாயில வெச்சா கரையணும், டீக்குத் தோதா இனிக்கணும். அந்த வேலைய அது சுத்தமாச் செய்யும். அதைக் கொண்டாந்து கறிச்சாறு புடிக்கச் சொன்னா, அங்கயும் உறிஞ்சத்தான செய்யும்?

இந்த எடத்துலதான் எனக்குக் கிறுக்குப் புடிச்சிது. ஊர்ல நல்ல கல்லு இருக்கு, நல்ல கறி இருக்கு, ரொட்டி சுடுத ஆளு இருக்கு. ஒண்ணாச் சேக்கத்தான் ஆளில்ல. நேரா பாளை மார்க்கெட் பக்கம் ஒரு பேக்கரிக்குப் போனேன். விறகு அடுப்புதான் அவியளுக்கு. மாஸ்டர்ட்ட, அண்ணாச்சி, சீனி இல்லாம பன்னு போட்டுத் தருவியளான்னேன். ஒரு மாதிரியாப் பாத்தாவ. ‘சீனிச் சத்து வந்திருக்கா தம்பி?’ன்னு அக்கறையாக் கேட்டாவ. இல்ல அண்ணாச்சி, பர்கருக்குன்னு சொன்னேன். செத்த நேரம் யோசிச்சிட்டு, ‘பன்னு மாவு வேற, ரொட்டி மாவு வேற. ரொட்டி மாவுல பேருக்குத்தான் சீனி. அதைப் பன்னு மாதிரி உருட்டிப் போடுதேன், நாளைக்கு வா’ன்னுட்டாவ. இம்புட்டு லேசா முடிஞ்சிரும்னு நெனைக்கல. ஆறு பன்னு சொல்லியிருக்கேன்.

இது ஞாயித்துக்கிழமை. காலைல ஆறரை, மேலப்பாளையம், கறிக்கடை. கண்ணு வீங்கியிருக்கும், கண்டுக்கிடாதீங்க. மாட்டுக்கறியிலதான் செய்யணும்னு இருந்தேன், மேலப்பாளையத்துல அதுக்குப் பஞ்சமும் இல்ல. ஆனா கல்லு வேணும்லா. நேத்து ராத்திரியே டவுன்ல நமக்குத் தெரிஞ்ச பரோட்டாக் கடை அண்ணாச்சிட்ட கேட்டுட்டேன். ‘நம்ம கடைக்கு எல்லாருந்தான் வாராவ, கல்லு ஒண்ணுதான். ஆடுன்னா கொண்டா’ன்னாவ. நியாயந்தான்.

முன்சப்பையில 400 கிராம், கொழுப்பு தனியா 100 கிராம். கடைக்காரரு சிரிக்காவ. கொழுப்ப எடுத்துப் போடுங்கன்னுதான் எல்லாரும் சொல்லுவாவளாம், நான் துட்டு கொடுத்துக் கேக்கேன். ஆனா அஞ்சுக்கு ஒரு பங்கு கொழுப்பு இல்லன்னா கல்லுல காஞ்சி கருவாடா ஆயிரும். மிசின்ல போட வேண்டாம், கத்தியிலயே கொத்திக் கொடுங்கன்னேன். கொத்துக்கறிதான், ஆனா கொஞ்சம் பருபருன்னு. வாங்கி நேரா ஐஸ் பெட்டியில வெச்சாச்சு. கொழுப்பு உருகிட்டா பெறவு கறியில ஈசிக்கிடும், ஒண்ணுக்கும் ஆவாது.

ஒரு விசயம். போன வருசம் வீட்டுல செஞ்சு பாத்தேன். கறியிலயே உப்பு, இஞ்சி பூண்டு, முட்டை, பொட்டுக்கடலைத் தூளு எல்லாம் போட்டு நல்லாப் பெசைஞ்சேன். எங்க அம்மா ஒரு வாய் தின்னுட்டு, ‘கோலா உருண்டை நல்லாத்தான் வந்திருக்கு, ஏன் சப்பையாத் தட்டி வெச்சிருக்க?’ன்னாவ. பெறவுதான் தெரிஞ்சிது. கறியில உப்பப் போட்டுப் பெசைஞ்சா அதுல இருக்க புரதம் கரைஞ்சி பசை மாதிரி புடிச்சிக்கிடும். கோலாவுக்கு அது வேணும். பர்கருக்கு ஆவாது, உதிரியா நிக்கணும். உப்பு கல்லுல போடும்போது மேலாப்புல தூவுனாப் போதும்.

மணி அஞ்சரை. கடையில கூட்டம் ஏறுததுக்கு முன்னாடி வந்துட்டேன். அண்ணாச்சி மொகத்தக் காட்ட வேண்டாம்னு சொல்லிட்டாவ, கையை மட்டும் காட்டுதேன். கல்லப் பாருங்க. எம்புட்டு கனம்! இதை ஒரு ஆளு தூக்க முடியாது. அந்தக் கனம்தான் நமக்கு வேணும். மெல்லிசுக் கல்லுன்னா குளுந்த கறிய வெச்ச ஒடனே சூடு எறங்கிரும், கறி செவக்காம தண்ணி விட்டு வேகும். அண்ணாச்சி தண்ணி தெளிக்காவ. முத்து முத்தா ஓடுதுல்லா? தெர்மாமீட்டர் ஒண்ணு கொண்டாந்திருந்தேன், வெக்கப்பட்டுப் பைக்குள்ளயே வெச்சிட்டேன்.

எட்டு உருண்டை புடிச்சாச்சு. ஒண்ணு அறுவது கிராம் சொச்சம். கொத்து பரோட்டாவுக்கு அரிஞ்ச பல்லாரி பக்கத்துலயே கெடந்திச்சா, அதுல ஒரு கை அள்ளி மேல வெச்சேன். அது நம்ம கண்டுபிடிப்பு இல்ல. ஓக்லஹோமாவுல எல் ரீனோன்னு ஒரு ஊர்ல 1920-கள்ல, கறி வெலை கட்டுப்படியாகாம வெங்காயத்த அமுக்கி நிரவுனாவ. பஞ்சத்துக்குச் செஞ்சது ருசியாப் போயிட்டு. இப்ப அமுக்கணும். மொத அரை நிமிசத்துக்குள்ள அமுக்கிரணும், கொழுப்பு உருக ஆரம்பிச்ச பெறவு அமுக்குனா சாறெல்லாம் கல்லுக்குப் போயிரும். இதை அண்ணாச்சிட்ட வெளக்கிக்கிட்டே இருக்கேன், அவிய கொத்துத தகட்ட எடுத்து, ரெண்டு கையும் வெச்சு, ஒரே அழுத்து. பாத்தியளா? ஓரம் வல மாதிரி விரிஞ்சிட்டு. நான் பேசி முடிக்கல. தெனமும் நூத்துக்கணக்குல பரோட்டா அமுக்குத கை.

உப்பு, மொளகு. ஒன்றரை நிமிசம். சுரண்டி எடுக்கணும், செவந்த தோலு கல்லுல தங்கிரக்கூடாது. திருப்பியாச்சு. கொத்துன கறிய அரைவேக்காட்டுல எடுக்காதீங்க. முழுக்கறின்னா கிருமி மேலதான் இருக்கும், கொத்துனா உள்ள வரைக்கும் போயிரும். நடுவுல 71 டிகிரி வரணும்ங்காவ. இம்புட்டு மெல்லிசுல அதைப் பத்திக் கவலையே இல்ல. பன்ன ரெண்டா வகுந்து, வெண்ணெய் தடவி, கல்லு ஓரத்துல கவுத்திருக்கேன். ஓரத்துல சூடு கம்மி. பரோட்டாவை நடுவுல இருந்து ஓரத்துக்கு ஒதுக்குவாவல்லா, அதே கணக்கு. பன்னோட உள்பக்கம் முறுகிட்டா சாறு லேசுல எறங்காது.

ரெண்டு அடுக்கு. வேற ஒண்ணும் வைக்கல.

...

இருங்க. பேச முடியல.

மக்கா, வெங்காயம் கருகி இனிக்கி, கறி ஓரம் அப்பளம் மாதிரி நொறுங்குது, உள்ள ஆட்டு வாசம் கும்முன்னு நிக்கு. பன்னு தாங்குது! அடிப்பக்கம் பாருங்க, ஊறல. கொறை சொல்லணும்னா மொளகு கூடிப்போச்சு, அது என் கை. இன்னொண்ணு, பேசிக்கிட்டே நின்னா ஆவாது. ஆட்டுக்கொழுப்பு ஆறுனா ஒறைஞ்சி அண்ணத்துல மெழுகு மாதிரி ஒட்டும். சூட்டோட தின்னுரணும். அதனால கேமராவ ரெண்டு நிமிசம் அணைச்சிட்டேன், மன்னிச்சிக்கிடுங்க.

அண்ணாச்சிக்கு ஒண்ணு போட்டுத் தாரேன்னேன். அவிய என்ன செஞ்சாவ தெரியுமா? கல்லுல இருந்து கறிய எடுத்தாவ. பன்ன ஒதுக்கி வெச்சாவ. சுடச்சுட ஒரு பரோட்டாவ அடிச்சி, அதுக்குள்ள கறிய வெச்சி மடிச்சி, மேல ஒரு கரண்டி சால்னா. நின்னுக்கிட்டே தின்னாவ. ‘கறி கொள்ளாம் தம்பி. பன்னுதான் வறட்டு வறட்டுன்னு இருக்கு’ன்னாவ. பன்னு ஊறக்கூடாதுன்னு ரெண்டு நாளா அலைஞ்சவன்ட்ட சொல்லுதாவ.

அதுக்குள்ள மொத டேபிள்ல ஒரு பெரியவரு, ‘அண்ணாச்சி, அது என்ன, நமக்கும் ஒண்ணு’ன்னாரு. அவரப் பாத்து பக்கத்து எலையும் கேட்டிச்சி. மிச்சம் அஞ்சு கறியும் பரோட்டாவுக்குள்ளதான் போச்சு. வெலை என்னன்னு கேட்டாவ, அண்ணாச்சி என்னையப் பாக்காவ, நான் அண்ணாச்சியப் பாக்கேன். கடைசியில பரோட்டாவுக்கு மட்டும் துட்டு வாங்குனாவ. எனக்கும் நாலு துண்டு பிச்சிக் கொடுத்தாவ. நல்லா இருந்திச்சா? இருந்திச்சு. சித்தப்பா, இதைப் பாத்துட்டு போன் பண்ணாதீங்க.

இது திங்கக்கிழமை காலைல, எங்க வீட்டு அடுக்களை. ஆறு பன்னுல அஞ்சு மிச்சம். அம்மா டீ போட்டிருக்காவ. முக்கிப் பாத்தேன். ஊறவே மாட்டேங்கு. கடிச்சா ரப்பர் மாதிரி இழுக்கு, இனிப்பும் இல்ல. அம்மா ஒண்ணும் சொல்லல, டப்பாவத் தொறந்து அந்த இனிப்பு பன்னு ஒண்ண எடுத்து என் முன்னால வெச்சிட்டுப் போறாவ.