காவல் நாய்க்குத் தீனி போடுவது யார்?

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுக் கணினி உறைந்துபோனால் பட்டனை அழுத்தி அணைத்துப் போடுகிறோம். மலை உச்சியில் மழை அளக்கும் கருவி உறைந்தால் யார் போய் அழுத்துவது? அதற்காகவே சிப்புக்குள் வாட்ச்டாக் டைமர் வைத்திருக்கிறார்கள். அது இறங்குமுகமாக எண்ணிக்கொண்டே வரும். பூச்சியம் ஆவதற்குள் மென்பொருள் தட்டிக்கொடுத்தால் முதலிலிருந்து எண்ணும். தவறினால் கருவியை ரீசெட் செய்துவிடும். தட்டுவதை 'தீனி போடுவது' என்போம்.

எத்தனை விநாடி கெடு என்பது டிரைவர், அதாவது வன்பொருளை இயக்கும் மென்பொருள், எழுதுகிறவர் கையில் மட்டும் இல்லை. ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எண்ணி 20 பிட், அதாவது பத்து லட்சத்துக்குச் சற்று மேல்வரை கொள்ளும்; விநாடிக்கு 65,536 தடவை எண்ணும். கணக்குப் போட்டால் 16 விநாடிக்குச் சற்றுக் குறைவு, அதற்கு மேல் தாங்காது. நம் புரோகிராம் 60 விநாடி கேட்டால்? டிரைவர் தன் வன்பொருளின் உச்சவரம்பைச் சரியாகச் சொல்லியிருந்தால், லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலே இடையிடையே தீனி போட்டு, 60 விநாடி வரை சமாளிக்கும். அதற்குள் புரோகிராம் வரவில்லையென்றால் கைவிட்டுவிடும்.

இன்னொரு இடம் நுட்பமானது. கருவி விழித்ததும் முதலில் ஓடும் பூட்லோடரே டைமரை ஓடவிட்டிருந்தால், 'ஏற்கெனவே ஓடுகிறது' என்று டிரைவர் கெர்னலுக்குச் சொல்ல வேண்டும். புரோகிராம் வந்து டைமரைத் திறக்கும்வரை கெர்னல் பார்த்துக்கொள்ளும். அந்தப் புரோகிராம் வரவே இல்லையென்றால்? கெர்னல் தீனி போட்டுக்கொண்டே இருக்கும்! அதற்கு ஓப்பன் டைம்அவுட் என்ற அமைப்பு உண்டு. தொடாமல் விட்டால் அது 0, அதாவது கெடுவே கிடையாது. தயவுசெய்து அதற்கு ஓர் எண் கொடுங்கள்.

புரோகிராம் டைமரை மூடும்போதும் கவனம் வேண்டும். வழக்கமாக, 'வி' (V) என்ற ஆங்கிலப் பெரிய எழுத்தை எழுதிவிட்டு மூடினால்தான் டைமர் நிற்கும். புரோகிராம் செத்து விழுந்தால் அந்த எழுத்து வராது, கருவி ரீசெட் ஆகும். நோவேஅவுட் என்ற அமைப்பைப் போட்டுவிட்டால் 'வி' எழுதினாலும் நிற்காது. ஆளில்லாத இடத்துக் கருவிக்கு நான் அதையே போடுவேன்.

நானே ஒருமுறை தவறு செய்தேன். தீனி போடுவதற்கென்று, புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு த்ரெட் வைத்தேன். அளக்கும் த்ரெட் ஒரு மென்பொருள் பூட்டில் மாட்டி நின்றுவிட்டது. தீனி போடும் த்ரெட் மட்டும் ஆரோக்கியமாக ஓடியது. மூன்று நாள் மழைக் கணக்கு போயிற்று. விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ரீசெட் ஒன்றுகூட இல்லை. எனக்கு அது இன்றும் வலிக்கிறது. இப்போது அந்தக் கருவியில், அளவு மெமரி கார்டில் பதிவான பிறகு, அதே த்ரெட்தான் தீனி போடுகிறது.