டாக்டருக்கு முன்னால் உங்கள் கண்ணைப் பார்க்கிறவர்கள்

வணக்கம் நேயர்களே. கண் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவரிடம் "டாக்டர் என்ன சொன்னார்?" என்றுதான் கேட்கிறோம். அவர் அங்கே அரை நாள் இருந்திருப்பார். டாக்டர் முன்னால் உட்கார்ந்தது சில நிமிடம். மீதி நேரமெல்லாம் அவர் கண் யார் கையில் இருந்தது? டாக்டருக்குத் துணையாக நிற்கும் அந்தக் கண் உதவியாளர்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

மதுரையில் 1976-ல், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே ஓர் ஏற்பாடு வேரூன்றியது. பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்பிள்ளைகளைச் சேர்த்து, இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்து, பார்வை சோதனை, ஆபரேஷன் தியேட்டர், வார்டு, கவுன்சலிங் என்று ஆளுக்கொரு துறையில் நிறுத்தினார்கள். நோயாளிகளுக்கு அவர்கள் எல்லாரும் 'சிஸ்டர்'தான். ஒரு மேஜையில் ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்தவரைத் தயார் செய்து வைத்திருப்பார்கள். மைக்ரோஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்ப வேண்டியதுதான். கத்தி பிடிக்கிற கை வேறு வேலைக்குப் போகாது.

சரி, உள்ளே போவோம். முதலில் எழுத்துப் பலகை. தூரம் ஆறு மீட்டர். அறை சின்னதென்றால் கண்ணாடியில் பிரதிபலிக்க வைப்பார்கள். மற்றக் கண்ணை உள்ளங்கையால் மூடுங்கள், அழுத்தாதீர்கள். விரலால் மூடினால் சந்து வழியாகப் பார்வை போய்விடும். அழுத்தினால் அந்தக் கண்ணின் முறை வரும்போது மங்கலாகத் தெரியும். முன்னால் போனவர் படித்ததைக் கேட்டு ஒப்பிக்கிறவர்களும் உண்டு! இது பரீட்சை இல்லை ஐயா, ஃபெயில் ஆக மாட்டீர்கள். தெரியாவிட்டால் சிறு துளை போட்ட தகட்டை வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். அதில் எழுத்து தெளிந்தால் பெரும்பாலும் கண்ணாடி போதும். தெளியாவிட்டால் கோளாறு உள்ளே இருக்கலாம்.

பிறகு கண் பிரஷர். மூச்சை அடக்கினாலும், சட்டைக் காலர் இறுக்கினாலும் அளவு கூடிக் காட்டும். அதற்குப் பிறகுதான் கண் பாப்பா விரிய சொட்டு மருந்து. முதலிலேயே சொட்டு விட்டால் பார்வை சோதனை பலிக்காது, அதனால் இந்த வரிசை. விடுவதற்கு முன் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். கண்ணின் முன்பக்கத்து இடைவெளி, அதாவது முன்னறை, ஆழம் குறைந்தவருக்குப் பாப்பா விரிந்தால் கண் பிரஷர் திடீரென ஏறிவிடக்கூடும். ரத்தக் கொதிப்பு உண்டா என்று கேட்பதும் காரணத்தோடுதான். சில சொட்டு மருந்து அதை ஏற்றும். விரிய அரை மணி நேரம் ஆகும், அடங்க நாலைந்து மணி நேரம் ஆகும். பைக்கில் வந்திருந்தால் ஓட்ட இன்னொருவர் வேண்டும்.

இனி, அதிகம் பேர் கவனிக்காத அறைக்கு வருகிறேன். கண்புரை ஆபரேஷனில் உள்ளே வைக்கிற லென்ஸின் பவரைக் கணக்கிடும் அறை. டாக்டர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், இங்கே அளவு தவறினால் பார்வை தவறும். தையல்காரர் அளவு பிசகினால் சட்டையைப் பிரித்துத் தைக்கலாம். லென்ஸை எடுத்து மாற்றுவது அவ்வளவு லேசில்லை.

இரண்டு அளவுகள் முக்கியம்: கருவிழியின் வளைவு, கண்ணின் நீளம். நீளம் சராசரியாக 23.5 மில்லிமீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் ஏறக்குறைய இரண்டரை பவர் போய்விடும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, கால் பவர்!

எப்படிப் பிசகும்? மரத்துப்போக மருந்து விட்டு, ஒலி அலையால் அளக்கிற பேனா போன்ற ஒலிமுனையைக் கருவிழியில் தொட்டு அளப்பார்கள். கை கொஞ்சம் அழுத்தினால் கருவிழி அமுங்கும், கண் குட்டையாகக் காட்டும். குட்டைக் கண்ணுக்குக் கூடுதல் பவர் என்று கணக்கு சொல்லும். அந்த லென்ஸை வைத்தால் ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும். கிட்டத்தில் தெரியும், பஸ் போர்டு தெரியாது. மறுபடியும் சொல்கிறேன்: அழுத்தினால் குட்டை, குட்டையானால் பவர் கூடுதல். அதனால்தான் பல தடவை அளந்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டு கண்ணுக்கும் 0.3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் திரும்ப அளப்பார்கள். "எத்தனை தடவைம்மா?" என்று சலித்துக்கொள்ளாதீர்கள், அலுக்காமல் அளக்கிறவர் கெட்டிக்காரர்.

தொடாமல் ஒளியாலேயே அளக்கிற மெஷின்கள் வந்துவிட்டன. ஆனால் புரை நன்றாக முற்றியிருந்தால் ஒளி ஊடுருவாது, பழையபடி ஒலிமுனைதான். வளைவை அளக்கிறதோ கண்ணைத் தொடுகிற சோதனைகளுக்கு முன்பே நடக்க வேண்டும். தொட்டால் மேற்பரப்பு கலைந்துவிடும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் சில நாள் முன்பே கழற்றிவிட வேண்டும். எத்தனை நாள் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள், கெட்டியான லென்ஸுக்கு அதிக நாள். லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றியவர்கள், பதினைந்து வருஷம் ஆகியிருந்தாலும் சொல்லிவிடுங்கள். கிட்டப்பார்வைக்காக லேசர் செய்தவர்களுக்கு வழக்கமான சூத்திரம் பவரைக் குறைத்துக் காட்டும்.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். தியேட்டர் சிஸ்டர்களைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். இரண்டு மூன்று மட்டும்: ஆபரேஷனுக்கு முன் 5 சதவீத பொவிடோன் அயோடின் சொட்டு விட்டு மூன்று நிமிடம் காத்திருப்பார்கள். உள்ளே கிருமி போகாமல் தடுப்பதில் அந்த மூன்று நிமிடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கண்ணீர்ப் பாதையில் உப்புத் தண்ணீர் செலுத்தும்போது தொண்டையில் உப்புக் கரித்தால், பாதை திறந்திருக்கிறது என்று அர்த்தம். எந்தக் கண் என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

போகும்போது பழைய கண்ணாடியையும், போடுகிற மருந்துகளையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.